படலையைத் தாண்டும் பொட்டாஷ்

உங்கள் காணியில் வெறும் மணலாகக் கிடக்கும் ஓர் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாளியைக் கீழே வைப்பதற்குள் நீர் உள்ளே போய்விடும். கற்பிட்டித் தீபகற்பத்திலும், முந்தல், உடப்பு, ஆண்டிமுனைப் பக்கத்திலும், சிலாபத்துக்குத் தெற்கே மாரவில வரை நீளும் கடற்கரைப் பட்டையிலும் பெரும்பாலும் இதே மண்தான். களி மிகக் குறைவு, மக்கும் குறைவு. நீரைப் பிடித்து வைக்க முடியாத மணல், நீரில் கரைந்த சத்தையும் பிடித்து வைக்காது. மூட்டையைப் பிரித்து நீங்கள் தூவிய யூரியா, அடுத்த நாள் ஒரு நல்ல மழை கொட்டினால், தென்னை வேர் எட்டுவதற்கு முன்பே கிணற்று மட்டத்தை நோக்கி இறங்கத் தொடங்கிவிடும்.

களிமண் காணிக்காரருக்கு மண்ணே சேமிப்புப் பெட்டி. அவர் ஓர் ஆண்டு பசளை போடாவிட்டாலும் பெட்டியில் இருப்பதைக் கொண்டு மரம் ஓரளவு சமாளிக்கும். கரையோரத்தில் அந்தப் பெட்டி இல்லை. இங்கே சத்து இருப்பதெல்லாம் மரத்தின் உடலிலும், விழுந்த ஓலையிலும், பாளையிலும், பொச்சிலும், நிலத்தின் மேலே கிடக்கும் ஒரு விரற்கடை மக்கிலும்தான். ஆகவே மணற்காணியில் பசளை முகாமை என்பது எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட, எவ்வளவு வெளியே போகவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வெளியே போக இரண்டு வழி உண்டு. ஒன்று கிணறு. மற்றது படலை. கிணற்று வழியைப் பற்றி விவசாயப் போதனாசிரியர்கள் ஓரளவு சொல்லியிருப்பார்கள். படலை வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த அத்தியாயத்தில் நான் அதற்குத்தான் கூடிய இடம் கொடுக்கிறேன்.

கிணற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டியில் நாம் குடிக்கும் நன்னீர், மணலுக்குள் இறங்கிய மழை. அது அடியில் உள்ள உவர் நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கு அதே நீரை இறைத்துப் பாய்ச்சுகிறோம். அதில் கரைந்த பசளை திரும்ப அதே வில்லைக்குள் இறங்குகிறது. இங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்து ஆய்வாளர்கள் அளந்து எழுதி வருகிறார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் எல்லை. அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. பசளை வீணாவதைப் பணநட்டமாக மட்டும் பார்க்கிறவர்கள், தம் வீட்டுக் கிணறு அதே மணலில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நைதரசனை மணலில் எப்படித் தங்க வைப்பது? கரையாத வடிவில் கொடுக்க வேண்டும். இலையாகக் கொடுக்க வேண்டும்.

கிளிரிசிடியா என்ன தரும்

வேலியோரத்தில் நட்டு, ஆட்டுக்கு ஒடித்துப் போட்டு, நாம் கவனிக்காமல் விட்ட மரம் கிளிரிசிடியா. சீமைக்கிளுவை என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் கினிசீரியா. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த மரம். இலங்கையில் தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் இதை அறிவித்தார்கள். அந்த அறிவிப்பின் பின்னால் இருந்த ஆவல் விறகுக்கானது, மின்சாரம் எடுப்பதற்கானது. தென்னங்காணிக்காரருக்கு வேண்டியது இதன் இலை.

இதன் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதற்குள் இருக்கும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. காற்றிலிருந்து வந்த அந்த நைதரசன் இலையில் சேர்கிறது. இலையை வெட்டித் தென்னையின் அடியில் போட்டால் சில வாரங்களில் மக்கி வேருக்குப் போகிறது. யூரியாபோல ஒரே மழையில் கரைந்து ஓடாது. மக்க மக்கத்தான் வெளிவரும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். லுணுவிலவில் 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிறுவகம், காய்க்கும் மரமொன்றுக்கு ஆண்டுக்கு 800 கிராம் யூரியாவும் 1,600 கிராம் மியூரியேற்றுப் பொட்டாஷும் கொண்ட கலவையைப் பொதுவாகப் பரிந்துரைத்து வந்திருக்கிறது. யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆக 800 கிராமில் 368 கிராம். பச்சைக் கிளிரிசிடியா இலையில் முக்கால் பங்கு நீர். 30 கிலோ பச்சை இலை காய்ந்தால் ஏழு, ஏழரைக் கிலோ. அதில் ஏறத்தாழ மூன்றரை வீதம் நைதரசன் என்று வைத்தால் 250 கிராம் வரும். அதாவது மரத்துக்கு 30 கிலோ இலை போட்டால் யூரியாவில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கலாம். 50 கிலோ கிடைத்தால் யூரியா மூட்டையே வாங்க வேண்டியதில்லை. இலை முற்றியதா இளசா, தண்டு எவ்வளவு கலந்தது என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் கூடும், குறையும்.

இவ்வளவு இலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 26 அடிக்கு 26 அடி நட்ட காணியில் ஏக்கருக்கு 64 தென்னை. மரத்துக்கு 30 கிலோ என்றால் ஆண்டுக்கு இரண்டு தொன் இலை வேண்டும். தென்னை வரிசைகளுக்கு இடையே உள்ள ஏழு இடைவெளிகளிலும் நடுவில் ஒற்றை வரிசையாக மூன்றடிக்கு ஒன்று நட்டால் ஏக்கருக்கு ஐந்நூறு பற்றை அளவில் வரும். ஒரு பற்றை ஆண்டுக்கு நாலு கிலோ இலை தந்தால் கணக்கு சரி. மாரவில, லுணுவில, நாத்தாண்டியப் பக்கம் மழை கூட, அங்கே இரட்டை வரிசை தாங்கும். முந்தலுக்கு வடக்கே, மழை குறைந்த இடங்களில் ஒற்றை வரிசையில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். தென்னைக்கும் பற்றைக்கும் தண்ணீர்ப் போட்டி வந்தால் தோற்பது தென்னையாக இருக்கக் கூடாது.

நடுவதற்கு விரல் மொத்தத் தடி போதாது. ஓராண்டு முற்றிய, கைப்பிடி மொத்தமுள்ள தடியை மாரிமழை தொடங்கி மண் நன்றாக நனைந்த பிறகு ஊன்றுங்கள். விதையிலிருந்து வளர்த்த கன்று ஆழமாக வேர் விடும். வறண்ட காணிக்கு அதுவே மேல். முதல் வெட்டுக்கு ஓராண்டாவது பொறுங்கள். பிறகு இடுப்பளவு உயரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை, மழை நல்ல இடத்தில் மூன்று முறை வெட்டலாம். வெட்டும் காலம் முக்கியம். தை, மாசியில் இந்த மரம் பூக்கும்போது இலையைத் தானே உதிர்த்துவிடும். அப்போது கத்தியோடு போனால் வெறும் தடிதான் மிஞ்சும். ஒரு வெட்டை ஐப்பசி மழை பிடித்த பிறகும், இன்னொன்றைச் சித்திரை மழை முடிந்து கோடை ஏறும் முன்பும் வையுங்கள். கோடைக்கு முன் வெட்டுவதில் இரண்டு நன்மை. பற்றைக்கு இலை இல்லாததால் அது மண்ணிலிருந்து நீர் உறிஞ்சுவது குறையும். வெட்டிய இலை தென்னையின் அடியை மூடிக் காக்கும்.

இலையை மரத்தடியில் குவியலாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடியிலிருந்து ஓரடி விட்டு, ஐந்தரை அடி வரை வட்டமாகப் பரப்ப வேண்டும். தென்னையின் உண்ணும் வேர்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான். வெயிலில் காய்ந்தால் நைதரசனில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். ஆகவே மேலே இரண்டு மூன்று ஓலையைப் போட்டு மூடுங்கள். கிளிரிசிடியா இலை விரைவில் மக்கும். தென்னோலை மக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டும் சேர்ந்தால், கீழே சத்து வெளிவந்துகொண்டிருக்கும்போதே மேலே ஈரம் காக்கப்படும்.

இதுவரை சொன்னதை வைத்து, கிளிரிசிடியா நட்டாயிற்று, இனிப் பசளைக் கடைப்பக்கம் போக வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தபோது இந்தப் பேச்சு எங்கும் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். பற்றை நட்டு ஓரிரு ஆண்டு கழித்துத்தான் போதிய இலை வரும் என்பதால், தடை வந்த பிறகு நடத் தொடங்கியவருக்கு அந்தப் போகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை வேறொன்று.

பொச்சில் இருக்கிறது

தென்னை கேட்கும் முதல் சத்து நைதரசன் இல்லை. பொற்றாசியம். நாம் பொட்டாஷ் என்று சொல்வது. அந்தப் பழைய பரிந்துரையையே பாருங்கள்: யூரியாவைப் போல இரண்டு மடங்கு பொட்டாஷ். 1,600 கிராம் மியூரியேற்றில் ஏறத்தாழ 800 கிராம் பொற்றாசியம் இருக்கிறது. 30 கிலோ கிளிரிசிடியா இலையில் இருப்பது அதிகம் போனால் 150 கிராம். ஐந்தில் ஒரு பங்குகூட வராது. நைதரசனை இந்த மரம் காற்றிலிருந்து எடுக்கும். பொற்றாசியத்தைக் காற்றிலிருந்து எடுக்க எந்த மரத்தாலும் முடியாது. உங்கள் மணலில் இருந்ததைத்தான் அது எடுத்துத் திருப்பித் தருகிறது. மணலில் இல்லாதபோது அதுவும் தர முடியாது.

அப்படியானால் மணலில் இருந்த பொற்றாசியம் எங்கே போனது? லொறியில் ஏறிப் போனது.

தேங்காயொன்று எடுத்துக்கொள்ளும் பொற்றாசியத்தில் பாதிக்கு மேல் பொச்சில் இருக்கிறது. பருப்பிலும் இளநீரிலும் மிச்சம். ஆண்டுக்கு ஆறு பறிப்பு. ஒவ்வொரு பறிப்பிலும் காய் ஒரு லொறியில் போகிறது. காணியிலேயே அலவாங்கில் உரித்திருந்தால் பொச்சு இன்னொரு லொறியில் தும்பு ஆலைக்குப் போகிறது. ஆலையில் பொச்சை ஊற வைக்கிறார்கள். பொச்சிலுள்ள பொற்றாசியம் நீரில் எளிதில் கரைவது. ஊறும்போதே பெரும்பங்கு கழன்று அந்த நீரோடு போய்விடும். மிஞ்சிய தும்புத்தூளை வெளிநாட்டுக்கு அனுப்பும்முன், உப்பு போக மறுபடி கழுவுகிறார்கள். அங்கே உப்பு என்று கழுவி விடுவதில் நம் பொட்டாஷும் இருக்கிறது. இலங்கையில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. ஒவ்வொரு மூட்டையும் கப்பலில் வர வேண்டும். பொச்சை அற்ப விலைக்கு அனுப்பிவிட்டு, அதற்குள் இருந்ததைக் கனடாவிலிருந்தோ பெலருஸிலிருந்தோ டொலர் கொடுத்து வாங்குகிறோம்.

தும்புத் தொழிலைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் அதில் உழைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். பொச்சுப் பணம் கூலிக்காவது உதவுகிறது என்பதும் உண்மை. எல்லாப் பொச்சையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நடக்காது. ஆறு பறிப்பில் ஒரு பறிப்பின் பொச்சைக் காணிக்கு விடுங்கள். கோடைக்கு முந்திய பறிப்பாக இருந்தால் நல்லது. ஐந்தின் பணம் உங்களுக்கு, ஒன்று மரத்துக்கு.

அதைப் போடும் முறை இப்படி. இரண்டு தென்னைகளுக்கு நடுவில், மரத்தின் அடியிலிருந்து ஆறடியாவது தள்ளி, மூன்றடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள குழி வெட்டுங்கள். நீளம் உங்கள் வசதி. பொச்சை உட்புறம் மேல்நோக்கியிருக்க, கிண்ணத்தை அடுக்குவதுபோல அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றும் மழைநீரை ஏந்தும். ஓர் அடுக்குப் பொச்சு, மேலே கொஞ்சம் மண், மறுபடி பொச்சு. இடையிடையே கிளிரிசிடியா இலையைப் போட்டால் பொச்சு மக்கும்போது ஏற்படும் நைதரசன் பசி தணியும். மேலே மண்ணால் மூடி, சுற்றிலும் சிறு வரம்பு பிடியுங்கள். ஐந்தாறு ஆண்டு இந்தக் குழி பேசும். இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஓரத்தைக் கிளறிப் பாருங்கள். சுற்றிலும் மணல் பொரிந்து கிடக்கும்போது குழிக்குள் தென்னை வேர் வெள்ளையாகப் பின்னிக் கிடக்கும். அடுத்த ஆண்டு அடுத்த வரிசை. சிறு காணியென்றால் ஐந்தாறு ஆண்டில் சுற்றி வந்துவிடலாம்.

குழி வெட்ட ஆள் கிடைக்காவிட்டால் பொச்சை மரத்தைச் சுற்றி மேலேயே பரப்பலாம். அப்போது முதுகுப்புறம் மேலே இருக்கட்டும். நிலத்திலிருந்து நீர் ஆவியாவது குறையும். எது செய்தாலும் பொச்சைப் படலையோரத்தில் மாதக்கணக்கில் குவித்து வைக்காதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து வடிவது உங்கள் பொட்டாஷ். பிறகு அதைக் குழியில் போட்டால் ஈரம் கிடைக்கும், சத்து கிடைக்காது.

அடுப்பில் எரிக்கும் பொச்சு, சிரட்டை, மட்டையின் சாம்பலையும் எறிய வேண்டாம். எரியும்போது நைதரசன் போய்விடும். பொற்றாசியம் சாம்பலில் நிற்கும். ஆனால் சாம்பலைச் சாணத்தோடோ யூரியாவோடோ கலக்காதீர்கள். அது நைதரசனைப் புகையாக்கி அனுப்பிவிடும். தனியாக, ஒரு மாத இடைவெளியில், வட்டத்துக்குள் தூவுங்கள். சிப்பியும் சங்குத்துண்டும் கலந்த வெண்மணலில் சாம்பலை அளவோடு போடுங்கள். அந்த மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது.

நம் பெரியவர்கள் மாட்டை ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு தென்னையில் மாற்றி மாற்றிக் கட்டினார்கள். சாணத்துக்காக என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். மாடு தின்ற பொற்றாசியத்தின் பெரும்பகுதி சாணத்தில் இல்லை, மூத்திரத்தில் இருக்கிறது. கொட்டிலில் கட்டினால் அது தரையோடு போகும். தென்னையடியில் கட்டினால் நேரே வேருக்குப் போகும். மாடு உள்ளவர்கள் இந்த வழக்கத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கிளிரிசிடியா இலையை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கொடுத்து, அதன் எருவை மரத்துக்குக் கொடுப்பது இலையை நேரே போடுவதற்குச் சமமாகாவிட்டாலும் பாலோ இறைச்சியோ மிஞ்சும். சாணத்தைக் குவித்து வைப்பவர்கள் அடிக்கடி கிளறிவிட வேண்டும். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். புழுவைக் கண்டால் கோழிக்குப் போடுங்கள். உக்கும் தென்னங்குற்றியையும் காணியில் விடாதீர்கள்.

தும்புத்தூளைப் பச்சையாக மரத்தடியில் கொட்டுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அது மக்குவதற்கு நைதரசன் வேண்டும். அதை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஓலை வெளிறும். சாணமும் பச்சிலையும் கலந்து நனைத்து, நிறம் கறுக்கும் வரை மக்க வைத்த பிறகே போடுங்கள்.

வண்ணாத்திவில்லுப் பக்கம் செம்மண்ணில் முந்திரியோடு தென்னை வைத்திருப்பவர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். செம்மண் மணலைவிடச் சற்றுப் பிடிப்பானது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எவ்வளவு திருப்பிக் கொடுத்தாலும் விற்ற காயோடு போனது போனதுதான். ஆகவே பொட்டாஷ் மூட்டையை முற்றாக நிறுத்த முடியாது, குறைக்கலாம். மழை முடிவதற்குள், மண் ஈரமாக இருக்கும்போது, ஆண்டு அளவை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். கனமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் இரண்டு நாள் பொறுங்கள். மரமே குறையைச் சொல்லும். கீழ் ஓலைகளில் நுனியிலிருந்து செம்மஞ்சள் புள்ளிகள் பரவி ஓரம் கருகினால் பொற்றாசியக் குறை. கீழ் ஓலைகள் பளிச்சென்ற மஞ்சளாகி, நடு ஈர்க்கை ஒட்டி மட்டும் பச்சை நின்றால் மகனீசியக் குறை, அதற்கு டொலமைற்று. பொட்டாஷை மட்டும் அளவுக்கு மீறிப் போட்டால் மகனீசியக் குறை தானே வரும். எப்பாவெலப் பாறைப் பொசுபேற்று புளிப்பான மண்ணில் மெல்லக் கரையும். சிப்பி மணலில் கரையாது, அங்கே அதற்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். கடலோரக் காணியில் மரத்தடியில் உப்புப் போடும் பழக்கமும் வேண்டாம். தென்னைக்குக் குளோரைட்டு வேண்டும்தான். கடற்காற்று அதைத் தேவைக்கு மேலேயே கொண்டுவருகிறது. சந்தேகமென்றால் ஓலை மாதிரியை லுணுவிலவுக்கு அனுப்பிச் சோதித்துப் பாருங்கள். கண்ணை நம்புவதைவிட அது உறுதி.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: அடுத்த பறிப்பில் காய் கூடுமென்று. தென்னைக் குருத்துக்குள் பாளை உருவாகத் தொடங்குவதிலிருந்து அந்தப் பாளையின் காயைப் பறிப்பது வரை மூன்றரை ஆண்டு போகும். நல்ல கவனிப்பின் பலன் இரண்டாம் ஆண்டில் காய் உதிர்வது குறைவதாகத் தெரியத் தொடங்கும்; முழுப் பலனுக்கு மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கவனிக்காமல் விட்டதன் நட்டமும் அப்படியே பிந்தி வரும். 2024 இறுதியில் தேங்காய் விலை ஏறியபோது பலர் அந்த ஆண்டின் மழையை மட்டும் பார்த்தார்கள். வரட்சியும் காரணம்தான். ஆனால் அந்தக் காய்களின் பாளைகள் உருவான 2021, 2022இல் எத்தனையோ காணிகளில் ஒரு பிடி பசளைகூட விழவில்லை.

அடுத்த பறிப்புக்கு லொறி வரும் நாள் உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய வாரம் ஒரே ஒரு குழியை வெட்டி வையுங்கள். லொறிக்காரர் பொச்சை ஏற்றும்போது, அந்தக் குழி நிறையும் அளவை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.